பணியில் இருந்த மருத்துவர்

பிப்ரவரி 3, திங்கள்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் ரோஸ்லின் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த மருத்துவமனை அவருடையது. உடுமலையில் முப்பது படுக்கை, ஓர் அவசரப் பிரிவு. அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாரடைப்புக்கும் விபத்துக்கும் இங்கேயே சிகிச்சை கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறார். அதற்கு அவசர மருத்துவத்தில் எம்.டி. முடித்த முழுநேர மருத்துவர் ஒருவர் வேண்டும். என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

கணினியை என் பக்கம் திருப்பினார். ஒரே வரி. 'டாக்டர் ப. மிருதுளா ஏற்கெனவே வேறொரு மருத்துவமனையில் முழுநேரப் பணியில் உள்ளதாகப் பதிவு உள்ளது.'

"என்னங்க மிருதுளா இது?"

"கரூர்ல பேரை எடுக்காம விட்டிருப்பாங்க மேடம். நான் பேசிடறேன்."

"சீக்கிரம் பேசுங்க. மார்ச் இருபது இன்ஸ்பெக்‌ஷன். உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அன்னிக்குக் கையில இருக்கணும்."

லாக்கரில் இருக்கிறது என்றேன்.

மகள் ஆதிரைக்குப் பள்ளியில் விதை முளைப்பது பற்றிச் செய்துகாட்ட வேண்டுமாம். கொண்டைக்கடலை ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நான் முன்பு வேலை பார்த்த கரூர் மருத்துவமனை சாமியப்பன் சாருடையது. அவர் போனை எடுக்கவில்லை. மூன்று முறை.

பிப்ரவரி 6, வியாழன்

கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒருவர், நாற்பத்து நான்கு வயது, நெஞ்சுவலி என்று வந்தார். மாரடைப்பு தொடங்கியிருந்தது. முதல் மருந்துகளைக் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினேன். அவர் மனைவி காப்பீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே, "இங்க இந்தக் கார்டு செல்லாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோவைக்கு எழுபது கிலோமீட்டர். உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள் என்று பிறகு தகவல் வந்தது.

மதியம் ஹேமா கூப்பிட்டாள். கரூர் மருத்துவமனையில் காப்பீட்டு வேலையைப் பார்ப்பவள். ஒரு நிமிடம்தான் பேசினோம். வழக்கமான விஷயம்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

பிப்ரவரி 8, சனி

ஒருவழியாக சாமியப்பன் சார் பேசினார்.

"பேரை எடுத்துட்டா இங்க கார்டு நின்னு போகும் கண்ணு. ஒரு ஆளைப் பாத்து வச்சிருக்கேன். கொஞ்சம் பொறு."

"பொங்கலுக்குள்ள எடுத்துடறேன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். ஆள் வரலையே, நான் என்ன பண்ணட்டும்?"

சர்டிபிகேட்டைக் கேட்டேன். "அது எங்க ஓடிப்போகுது? என் பீரோவுலதான் இருக்கு. பேரை எடுக்கறப்ப அதையும் சேத்து வாங்கிக்க," என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எம்.டி. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றபோது, எல்லோரும் போதும் என்றார்கள். அவர்தான் மூன்று மாதம் விடுப்பும் கொடுத்து, வேலையும் கையில் இருக்கிறது போய்ப் படி என்று அனுப்பினார். ஆதிரை வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம்வரை உட்கார்ந்தே பார்க்கும்படி எனக்கு வேலையை மாற்றிக் கொடுத்தார். வேலைக்குச் சேரும் மருத்துவர்களின் ஒரிஜினலை வாங்கி வைப்பது அங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம். எனக்கு மட்டுமில்லை.

லாக்கரில் இருப்பதாக ரோஸ்லின் மேடத்திடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பீரோவும் பூட்டித்தான் இருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனிக்கு நடப்பவர்கள் காலை ஆறு மணியிலிருந்தே வர ஆரம்பித்துவிட்டார்கள். கால் கொப்புளம், வயிற்றுப்போக்கு, சுளுக்கு. பதினோரு மணிக்குக் காவடியோடு விழுந்துவிட்டார் என்று பாலக்காட்டுப் பெரியவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். துடிப்பு இல்லை. மூன்று முறை மின்அதிர்ச்சி கொடுத்த பிறகு இதயம் திரும்பியது. கண்ணைத் திறந்து மலையாளத்தில் காவடி எங்கே என்று கேட்டார். செவிலியர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன். தெரியாத எண்.

"டாக்டர் மிருதுளா மேடங்களா? நான் கரூர்ல இருந்து கோகிலா பேசறேங்க. எங்கப்பா பேரு குழந்தைவேல். நவம்பர் பதினாலாம் தேதி—"

கேஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையாகவே கேஸ் இருந்தது.

வீட்டில் வாட்டர் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆள் வரச்சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

சரியான தூக்கமில்லை. ஹீட்டர்காரர் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை வைக்க முடியவில்லை.

நிதானமாகப் பேசினாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாளாம். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், ஐம்பத்தொரு வயது. நவம்பர் பதினான்காம் தேதி காலை நெஞ்சுவலியோடு சாமியப்பன் சார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிற்பகல் இரண்டு இருபதுக்கு இறந்துவிட்டார். காப்பீட்டு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, சிகிச்சைத் தாள்களின் நகலை வாங்கியிருக்கிறாள்.

"பணியில் இருந்த மருத்துவர்ங்கற எடத்துல உங்க பேரு இருக்குங்க மேடம். பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்கு நீங்க பாத்ததாவும், ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போட்டதாவும், எங்கம்மாகிட்ட நீங்களே எல்லாம் விளக்கிச் சொன்னதாவும் எழுதியிருக்கு."

எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் அப்பா பக்கத்துலயேதான் இருந்தாங்க. லேடி டாக்டரே வரலைங்கறாங்க. கண்ணாடி போட்ட சின்ன வயசு சார் ஒருத்தர் வந்து, வெறும் கேஸ் ட்ரபிள்தாம்மான்னு சொல்லி ஒரு ஊசி போட்டுட்டுப் போனாராம். நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேங்க. அன்னிக்கு எங்கப்பாவை நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

ஒரு நாளைக்கு அறுபது, எழுபது நோயாளிகளைப் பார்க்கிறோம். ஞாபகம் இல்லாமல் போவது இயல்புதான்.

பிப்ரவரி 15, சனி

போன வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 14-இல் இப்படி எழுதியிருக்கிறேன்:

'குழந்தைகள் தின விழா. ஆதிரை கத்தரிக்காய் வேடம். வசனத்தை மறக்காமல் சொல்லிவிட்டாள். பத்து நாற்பதுக்கு ஹேமா. மதியம் தயிர்சாதம்.'

ஞாபகம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய். நான் கரூரை விட்டு வந்தது மே மாதம். நவம்பரில் நான் யாரையும் அங்கே பார்த்திருக்க முடியாது.

ஹேமா எதற்குக் கூப்பிட்டாள் என்று அதில் எழுதவில்லை. இதிலாவது எழுதுகிறேன். அட்டையில் சிகிச்சை பெறுகிற ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை அனுமதி கேட்க வேண்டும். நான்தான் பார்த்தேன் என்று மருத்துவர் உறுதி செய்தால்தான் அனுமதி வரும். உறுதி செய்ய மருத்துவரின் போனுக்கு ஓர் ஓடிபி வரும், ஆறு இலக்கம். மே மாதம் என் கணவர் ஜெகதீசனுக்கு இங்கே பாலிடெக்னிக்குக்கு மாறுதல் வந்து நாங்கள் கிளம்பியபோது சாமியப்பன் சார் கேட்டார்: வேறு ஆள் வரும்வரை பேர் மட்டும் இருக்கட்டும், ஹேமா கூப்பிடும்போது நம்பரை மட்டும் சொல்லிவிடு. இல்லாவிட்டால் கார்டு வைத்திருக்கிற ஏழைகள் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும்.

சரி சார் என்றேன். சர்டிபிகேட்டைக் கேட்காமலே வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதிவுத் தபால் வீட்டுக்கு வந்தது. ஜெகதீசன் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். கோகிலா கொடுத்த புகாரின்மேல் விசாரணை. மார்ச் 4 காலை பத்தரைக்குக் கரூரில் மாவட்ட அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், ஓடிபி வரை.

"நீ அங்க இல்லவே இல்லையே. கையெழுத்தும் போடலை. அதைச் சொல்லிடு, முடிஞ்சுது."

"நம்பர் நான்தாங்க சொன்னேன்."

"எத்தனை தடவை?"

போனை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுப் பதினேழு. அவர் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். காலையிலேயே கழுவி வைத்த பாத்திரங்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹேமா கூப்பிட்டாள். "மேடம், நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"இனிமே சொல்ல மாட்டேன் ஹேமா."

"பேஷண்ட் பெட்ல இருக்காங்க மேடம்."

"யார் பாக்கறாங்களோ அவங்க பேர்ல அனுப்பு."

"எனக்கும் நோட்டீஸ் வந்திருக்குங்க மேடம்," என்றாள். "சார் சொல்றதைத்தான் டைப் பண்றேன். நாளைக்கு என்னை மட்டும் கை காட்டிடுவாங்க."

அவளுக்கு இருபத்தாறு வயது. அவளும் மாட்டுவாள் என்று இத்தனை நாளாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சாமியப்பன் சார் கரூரிலிருந்து காரில் வந்தார். நல்லவேளை, ஜெகதீசன் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு திருமூர்த்தி மலைக்குப் போயிருந்தார். சார் இளைத்துவிட்டார். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. காபி கொடுத்தேன். குடித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். என்னுடையது. மேலே என் கையெழுத்தில் என் பெயர். வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"வீடியோ கால்ல பாத்தேன்னு சொல்லிரு கண்ணு. இங்கிருந்தே ஆலோசனை சொன்னேன், டூட்டி டாக்டர் ஊசி போட்டாரு. அவ்வளவுதான். நாலாம் தேதி நீ சொல்லு, அஞ்சாம் தேதி ஃபைல் உன் வீட்டுக்கு வந்துரும். உன் பேரையும் எடுத்துர்றேன். உன் மேடத்துக்கும் கார்டு வந்துரும். யாருக்கு நஷ்டம்?"

"அந்த ஊசியைப் போட்டீங்களா சார்?"

மறு கையால் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ரெக்கார்டுல போட்டதா இருக்கு. போட்டீங்களா?"

"அந்த ஆளு எப்படியும் போயிருப்பாரு."

"ஈசிஜியைப் பாத்தா அது தெரியும் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. களைப்பாகத்தான் இருந்தார். "நீதான் பாத்தியே," என்றார். "ஹேமா உனக்கு அனுப்பியிருக்கா. உன் போன்லயும் இருக்கும். என்னை மட்டும் உள்ள தள்ளிட்டு நீ வெளிய நின்னுக்க முடியாது கண்ணு."

ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்ட அவருக்குச் சிரமமாக இருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆதிரை ஈரத்துணியோடு ஓடி வந்து அருவியில் குளித்ததைச் சொன்னாள். பாதிதான் காதில் விழுந்தது.

பிப்ரவரி 26, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

நவம்பர் 14. பள்ளி அரங்கம். மேடையில் காய்கறிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பத்து நாற்பதுக்கு ஹேமா கூப்பிட்டாள். ஓடிபி சொன்னேன். அவள் வைக்கவில்லை. "மேடம், இந்த பேஷண்டுக்கு நெஞ்சுவலிங்க. டூட்டி டாக்டர் புதுசு, கேஸ் ட்ரபிள்னு சொல்றாரு. பெரிய சார் ஆபரேஷன்ல இருக்காரு. ஈசிஜியை வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், ஒரு தடவை பாத்துருங்க மேடம்," என்றாள். பார்க்கிறேன் என்றேன். அடுத்தது ஆதிரை. போனை வீடியோ எடுப்பதற்காகத் திருப்பிக்கொண்டேன்.

ஈசிஜியைத் திறந்தது ஒன்று பத்துக்கு. பள்ளி வாசலில், வேப்பமர நிழலில். மூன்று இடங்களில் கோடு தெளிவாக மேலே எழும்பியிருந்தது. யோசிக்க வேண்டிய ஈசிஜியே இல்லை அது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. அந்த ஊசியைப் பத்தரைக்கே போட்டிருக்க வேண்டும். ஒன்று பத்துக்குக்கூடப் போட்டிருக்கலாம்.

ஹேமாவைக் கூப்பிட்டேன். மணி முழுதும் அடித்து நின்றது. மறுபடி கூப்பிடவில்லை. மருத்துவமனையின் பொது எண் எனக்கு மனப்பாடம். அதையும் அழுத்தவில்லை.

ஏன் என்று இந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. பேசியிருந்தால் அவர் என் நோயாளி ஆகிவிடுவார். வெறும் நம்பர் சொல்கிறவரை எனக்கு நோயாளி யாரும் இல்லை.

அவர் இறந்தது இரண்டு இருபதுக்கு. எழுபது நிமிடம்.

மார்ச் 3, திங்கள்

நேற்று ஜெகதீசனிடம் மீதியையும் சொன்னேன். கரூருக்கு அவரும் வருவதாக மட்டும் சொன்னார்.

இன்று ரோஸ்லின் மேடம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"லாக்கர்ல இருக்குன்னு என் முகத்தைப் பாத்துச் சொன்னீங்களே மிருதுளா."

"ஆமாங்க மேடம்."

"உங்களை நம்பித்தான் விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டேன். நாளைக்கே என்னையும்ல கூப்பிடுவாங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. என் கண்ணெதிரேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கடிதம் தட்டச்சு செய்தார். அடித்து முடித்துவிட்டு, "போன வாரம் ஒரு பாம்புக்கடி பொண்ணைக் காப்பாத்துனீங்க. அதே ஆள்தான் இதையும் பண்ணியிருக்கீங்களான்னு எனக்குப் புரியலை," என்றார். "போய் உள்ளதைச் சொல்லுங்க. பாதி சொல்லிட்டு மட்டும் வந்துராதீங்க."

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சு. நடுவில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டு. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க கண்ணு. எதுக்கு நிக்கறீங்க. எப்பக் கூப்பிடுவாங்கன்னே தெரியலீங்க."

உட்கார்ந்தேன். அப்போது ஓர் இளம்பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்து, "அம்மா, இந்தா," என்றாள். குரலை வைத்தே அது கோகிலா என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எழுந்துபோய் ஜெகதீசன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

உள்ளே விசாரணை அதிகாரி, ஒரு தட்டச்சர், சாமியப்பன் சார், அவருடைய வக்கீல், நான், கோகிலா. அவள் அம்மா வரவில்லை. இதையெல்லாம் கேட்டால் தாங்கமாட்டார் என்று கோகிலாவே வெளியில் இருக்கச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி சிகிச்சைத் தாளைப் படித்துவிட்டுக் கேட்டார். "டாக்டர், இந்த நோயாளியை நீங்க பரிசோதிச்சீங்களா?"

"இல்லீங்க. அன்னிக்கு நான் உடுமலைல இருந்தேன். மே மாசத்துக்கு அப்புறம் அந்த மருத்துவமனைல நான் யாரையும் பாக்கலை."

வக்கீல் எழுந்தார். வீடியோ அழைப்பில் என்று ஆரம்பித்தார். வீடியோ அழைப்பு எதுவும் இல்லை என்று குறுக்கே சொன்னேன். ஓடிபி விவரத்தைச் சொன்னேன். நூற்றுப் பதினேழு என்றேன். தட்டச்சர் கை நின்று, மறுபடி தொடங்கியது.

"இதைச் சொன்னா உங்க பதிவுக்கே ஆபத்துன்னு தெரியுங்களா?" என்றார் அதிகாரி.

"தெரியுங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

போனை மேஜையில் வைத்து ஈசிஜி படத்தைக் காட்டினேன். எப்போது வந்தது, எப்போது திறந்தேன், அதில் என்ன தெரிந்தது, பிறகு என்ன செய்யாமல் விட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நோயாளியின் நிலையை அடுத்த மருத்துவரிடம் ஒப்படைக்கும்போது பேசுகிற குரலில்தான் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

சாமியப்பன் சார் தலையைத் தூக்கவே இல்லை.

கோகிலா எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று பத்து என்று நான் சொன்னபோது பேனா நின்றது. அதன்பிறகு எழுதவில்லை. வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். அந்த அம்மா மட்டும் திரும்பி, தெரிந்தவரிடம் சொல்வதுபோல, "வரேங்க கண்ணு," என்றார்.

மார்ச் 20, வியாழன்

இன்று இன்ஸ்பெக்‌ஷன் நடந்திருக்க வேண்டிய நாள். விடுப்பில் இருக்கிறேன். பரணைச் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மருத்துவக் கவுன்சில் ஆணை வந்தது. என் பதிவு ஒரு வருடத்துக்கு நிறுத்திவைப்பு. அதுவரை எந்த நோயாளியையும் பார்க்கக் கூடாது. அரசுக் காப்பீட்டில் மூன்று வருடத்துக்கு என் பெயர் எந்த மருத்துவமனையிலும் வரக் கூடாது. போலீஸ் விசாரணை தனியாக நடக்கும்.

சாமியப்பன் சார் மருத்துவமனையைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்மேல் வழக்கு. ஹேமாவும் உண்மையை எழுதிக் கொடுத்திருக்கிறாள், சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே அட்டையோடு போய்க்கொண்டிருந்தவர்கள் இனி எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் யாராவது எழுத வேண்டும்.

விசாரணையில் சாமியப்பன் சாரிடமிருந்து வாங்கிய நீல ஃபைலும் கூடவே வந்தது. எம்.டி. பட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பத்து மாதம் இதை நினைத்துப் பயந்தேன். இப்போது கையில் இருக்கிறது, வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ரோஸ்லின் மேடம் மதுரையிலிருந்து வேறு ஒருவரை எடுத்திருக்கிறார். அவர் பெயரில் புது விண்ணப்பம் போயிருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆதிரைக்குப் பள்ளி விடுமுறை. "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று தினமும் கேட்கிறாள். இன்று உண்மையைச் சொன்னேன். ஒரு தப்புப் பண்ணினேன், அதனால் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "டீச்சர் வெளிய நிக்கச் சொல்ற மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிற்பகல் கோகிலாவின் போன்.

"அம்மா உங்களைப் பாக்கணுங்கறாங்க. ஏன்னு என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களை வரச்சொல்ல எனக்கு இஷ்டமில்லைங்க. ஆனா அவங்க சரியா சாப்பிடறதே இல்லை. ஒரு தடவை வந்துட்டுப் போயிருங்க."

மே 4, ஞாயிறு

தனியாகத்தான் போனேன். பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். இரண்டு அறை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அனல். மயிலாத்தாள், அதுதான் அந்த அம்மாவின் பெயர், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார் என்று அன்றே வீட்டுக்குப் போனதும் கோகிலா சொல்லியிருக்கிறாள்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன். கோகிலா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க டாக்டருக்குப் படிச்சவங்க. எனக்கு ஒண்ணு சொல்லோணும். பொய் சொல்லக்கூடாதுங்க."

"சொல்ல மாட்டேங்க."

"அன்னிக்குக் காலைல ஒம்பதேகாலுக்கு நெஞ்சப் புடிக்குதுன்னாரு. நான் சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாப் போயிரும்னு, கடைக்குப் போயி சோடா வாங்கியாந்து குடுத்தேங்க. அதுல அரை மணி நேரம் போயிருச்சு. அப்புறம்தான் ஆட்டோ வச்சேன்." முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. உடனே கூட்டிட்டுப் போகாம சோடாவா வாங்கிக் குடுத்தேன்னு. அந்த அரை மணி நேரத்துலதான் போச்சுங்களா?"

கோகிலா சுவரை விட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இதையாம்மா இவ்வளவு நாளா..."

"நீ சும்மா இரு. அவங்க சொல்லட்டும்."

ஒரு மருத்துவர் கேட்க வேண்டியதை முதல்முறையாக அவரிடம் கேட்டேன். "எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இறங்குனீங்க?"

"பத்துக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சுங்க. வாசல்ல கடிகாரம் இருக்குது."

"முப்பத்தஞ்சு நிமிஷம். நீங்க நேரத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கீங்க. நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் கழிச்சு வர்றவங்களுக்கே அந்த ஊசியைப் போட்டு நான் அனுப்பியிருக்கேன். சோடாவால ஒண்ணும் ஆகலைங்க."

"நெசமாலுமேங்களா?"

"நிஜமாத்தாங்க. அவர் அங்க வந்தப்ப பொழைக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சு. அதுக்கப்புறம் நாலரை மணி நேரம் ஒருத்தரும் செய்ய வேண்டியதைச் செய்யலை. அதுல கடைசி எழுபது நிமிஷம் என்னோடது."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கோகிலா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். தொடுவதற்கு எனக்கு உரிமையில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத இவ போன் பண்ணிக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்களே," என்றார். "நடந்து நடந்து, எழுதி எழுதி எம்புள்ளை அலைஞ்சாளே."

"சொல்லியிருக்கணுங்க," என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அது எனக்காகச் சொல்வதாகிவிடும்.

எழுந்தேன். கோகிலா வாசல்வரை வந்தாள். வெயிலில் கண் கூசியது.

"இன்னிக்காவது சாப்பிடுவாங்கன்னு நெனைக்கறேன்," என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குள் சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. போய் வாங்க என்று சொல்லவில்லை. நான் படியிறங்கும்வரை நின்றுவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.